விண்ணில் மிதந்த கோட்டை

பொம்மைப் படம் என்றால் அது குழந்தைகளுக்கு மட்டுமே உரியது என்னும் எண்ணம் நம்மிடையே உறைந்து நிற்கிறது. சங்கத்தின் திரைப்பட மாலைக்கு ‘லபூட்டா’ என்னும் ஜப்பானிய ஓவியத் திரைப்படத்தைப் போடலாம் என்று சொன்னபோது நண்பர்கள் சிலர் நகைத்தனர். “முதுகலை படிக்கிறவனுக்கு பொம்மையா?” என்று கேட்டனர். கேள்வி நியாயமானதே. ஆனால் விஞ்ஞானம் பயிலும் மாணவன் தன்னைத் தானே கேட்டுக்கொள்ள வேண்டிய ஒரு பெருங்கேள்வி இப்படத்துக்குள் ஒளிந்து கிடக்கிறது. அக்கேள்வியை எடுத்துச் சொல்வதும், படத்தில் வரும் பறக்கும் பொறிகளின் பின்னே நிற்கும் விஞ்ஞானத்தை இயன்றவரை எளிய தமிழில் விளக்குவதும் இக்கட்டுரையின் நோக்கம்.

கதை

நள்ளிரவு. மேகங்களிடையே ஓர் ஆகாயக் கப்பல் செல்கிறது. அதில் ஷீட்டா என்னும் சிறுமி கைதியாக இருக்கிறாள். கொள்ளையர் கப்பலைத் தாக்குகின்றனர். தப்பிக்க முயன்ற சிறுமி கை நழுவி வானிலிருந்து விழுகிறாள். விழுந்தவள் மாண்டுபோகவில்லை. அவள் கழுத்திலிருந்த நீலக் கல் ஒளிவிடுகிறது. அவள் உடல் இறகுபோல் மெல்ல மிதந்து இறங்குகிறது. கீழே ஒரு சுரங்க ஊர். அங்கே இயந்திரம் ஓட்டும் வேலையில் இருக்கும் பாஸு என்னும் அநாதைச் சிறுவன் அவளைக் கைகளில் ஏந்துகிறான். ஏந்திய சில நொடிகளில் கல்லின் ஒளி அணைகிறது. உடனே அவளது முழு எடையும் அவன் கைகளில் இறங்குகிறது. அவன் தடுமாறிப் போகிறான். கற்பனைக் கதையாயினும் எடைக்குக் கணக்கு வைத்திருக்கும் கதை இது என்பதை இந்த ஒரு காட்சியே சொல்லிவிடுகிறது.

அந்தக் கல்லைத் தேடி இருவர் துரத்துகின்றனர். ஒருபுறம் டோலா என்னும் முதியவளின் தலைமையில் அவள் பிள்ளைகள் அடங்கிய கொள்ளைக் கூட்டம். மறுபுறம் முஸ்கா என்னும் அரசாங்க ஒற்றனும் அவனுக்குத் துணையாக ஒரு படையும். முன்னொரு காலத்தில் விண்ணில் மிதந்து உலகையே ஆண்ட லபூட்டா என்னும் கோட்டைக்கு வழிகாட்டுவது அக்கல். பாஸுவின் தந்தை அக்கோட்டையைக் கண்டு புகைப்படம் எடுத்தவர். உலகம் அவரைப் பொய்யர் என்றது. அவர் அந்தப் பழியோடே இறந்தார். ஷீட்டாவோ, அக்கோட்டையை ஆண்ட அரச குடும்பத்தின் கடைசி வாரிசு. இது அவளுக்கும் முஸ்காவுக்கும் மட்டுமே தெரிந்த இரகசியம். ஏனெனில் முஸ்காவும் அதே குடும்பத்தின் மற்றொரு கிளையில் வந்தவனே. அவனுக்கு வேண்டியது பொன்னும் மணியும் அல்ல. உலகை அடக்கியாளும் ஆற்றல்.

படைத்தவர்

இப்படத்தை எழுதி இயக்கியவர் ஹயாவோ மியாசாகி. தயாரிப்பாளர் இசாவோ தகாஹதா. இசை ஜோ ஹிசாயிஷி. 1985-இல் நிறுவப்பெற்ற கிப்லி நிறுவனத்தின் பெயரில் வெளிவந்த முதற்படம் இதுவே. வெளியான நாள் 1986 ஆகஸ்ட் 2. ‘கிப்லி’ என்பது சகாராப் பாலைவனத்தின் வெங்காற்றைக் குறிக்கும் சொல்; இத்தாலியர் அப்பெயரைத் தம் விமானம் ஒன்றுக்குச் சூட்டினர்; அதிலிருந்து மியாசாகி எடுத்துக்கொண்டார். நிறுவனத்தின் பெயரிலேயே விமானம் இருக்கிறது!

இதற்குக் காரணம் உண்டு. மியாசாகி 1941 ஜனவரியில் தோக்கியோவில் பிறந்தவர். அவர் குடும்பத்தார் நடத்திய தொழிற்சாலை, இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் பயன்படுத்திய ‘ஜீரோ’ என்னும் போர்விமானத்தின் சுக்கான்களைச் செய்து கொடுத்தது. குழந்தையாயிருந்தபோது வீட்டுக்குச் சோறு போட்டதும் விமானமே. குடும்பம் குடியிருந்த உத்சுனோமியா நகரை 1945 ஜூலையில் குண்டு போட்டு எரித்ததும் விமானமே. இவ்விரண்டும் ஒருவர் உள்ளத்தில் ஒன்றாகக் குடியிருந்தால் என்ன ஆகும்? பறக்கும் பொறிகளின்மேல் தீராத காதலும், அப்பொறிகள் செய்த கொடுமையின்மேல் தீராத வெறுப்பும் ஒருங்கே வளரும். அவருடைய படங்கள் பலவற்றில் இந்த இரட்டை உணர்ச்சியைக் காணலாம். 2013-இல் அவர் எடுத்த ‘காற்று எழுகிறது’ என்னும் படம், ஜீரோ விமானத்தை வடிவமைத்த ஜிரோ ஹொரிகோஷியைப் பற்றியதே.

படம் ஓடும் நேரம் 124 நிமிடம். திரையில் ஒரு நொடிக்கு 24 சட்டங்கள் ஓடுகின்றன. பெருக்கிப் பார்த்தால் 1,78,560 சட்டங்கள்! ஒரே ஓவியத்தை இரண்டு மூன்று சட்டங்களுக்கு நிறுத்தி வைப்பது இத்தொழிலின் வழக்கம். அப்படிக் கழித்தாலும் பல்லாயிரக் கணக்கான ஓவியங்கள். கணிப்பொறி வரையாத காலம் அது. ஒவ்வொன்றையும் மனிதக் கை வரைந்தது, மனிதக் கை வண்ணம் தீட்டியது.

பெயர் வந்த வழி

லபூட்டா என்னும் பெயரை மியாசாகி புதிதாகப் படைக்கவில்லை. 1726-இல் ஜோனதன் ஸ்விப்ட் எழுதிய ‘கலிவரின் பயணங்கள்’ நூலின் மூன்றாம் பாகத்தில் வரும் பறக்கும் தீவின் பெயர் அது. நம்மில் பலர் குள்ளர்களின் நாட்டோடு கலிவரை மறந்துவிட்டோம். மூன்றாம் பாகத்தைப் படித்தவர் குறைவு. விஞ்ஞான மாணவர்கள் படிக்க வேண்டியதோ அந்தப் பாகமே.

ஸ்விப்ட் காட்டும் தீவு வட்டமானது. குறுக்களவு 7,837 கெஜம். கனம் 300 கெஜம். நடுவே ஒரு குகையில் பெரிய காந்தக் கல் இருக்கிறது. அதனைத் திருப்பித் தீவை ஏற்றவும் இறக்கவும் நகர்த்தவும் செய்கிறார்கள். தீவில் வாழ்வோர் கணிதத்திலும் இசையிலும் மூழ்கியவர்கள். பிறர் பேசுவது காதில் விழாது. வேலைக்காரன் ஒருவன் காற்றடைத்த பையால் காதிலும் வாயிலும் தட்டினால்தான் கேட்பார்கள், பேசுவார்கள். கீழே தரையில் அவர்களைப் பின்பற்றி ஒரு கழகம் நடக்கிறது. அங்கே ஒருவர் எட்டு ஆண்டுகளாக வெள்ளரிக்காயிலிருந்து சூரிய ஒளியைப் பிரித்தெடுக்க முயன்று கொண்டிருக்கிறார்! அவர்களின் திட்டங்களால் நாட்டில் வயல்கள் தரிசாய்க் கிடக்கின்றன. வீடுகள் இடிந்து நிற்கின்றன. ஆய்வு மாணவரே, சிரிக்கிறீரா? நானும் சிரித்தேன், பிறகு என் ஆய்வேட்டின் தலைப்பை ஒருமுறை எடுத்துப் பார்த்துக்கொண்டேன்.

ஆனால் ஸ்விப்ட் நகையாடியதோடு நிற்கவில்லை. தரையிலுள்ள நகரம் எதிர்த்து எழுந்தால் அரசன் என்ன செய்வான்? தீவை அந்நகரின் நேர்மேலே கொண்டுபோய் நிறுத்துவான். வெயிலும் மழையும் மறைக்கப்பட்டு மக்கள் பஞ்சத்திலும் நோயிலும் வாடுவர். அதற்கும் பணியாவிட்டால் மேலிருந்து கற்களை எறிவான். அதற்கும் அடங்காவிட்டால் தீவையே அவர்கள் தலைமேல் இறக்கிவிடுவான். மனிதன் வானூர்தியில் ஏறிப் பறப்பதற்கு நூற்றெழுபத்தேழு ஆண்டுகளுக்கு முன்பே, வானிலிருந்து ஆளுதல் என்பது எத்தகைய கொடுமையாக முடியும் என்பதை ஸ்விப்ட் கண்டுவிட்டார். மியாசாகி எடுத்துக்கொண்டது இந்த வித்தினையே.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

இத்தீவு உண்மையில் மிதக்குமா? குறுக்களவு ஏறத்தாழ 7.2 கிலோமீட்டர், கனம் 270 மீட்டர் என்று கொண்டால், கன அளவு சுமார் 11 கன கிலோமீட்டர். பாறையின் அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு இரண்டரை டன். ஆகவே தீவின் நிறை சுமார் 2,700 கோடி டன்!

இதனைக் காந்தம் தாங்குமா? பூமியின் காந்தப்புலம் மிக நலிந்தது. டெஸ்லா என்னும் அலகில் பல்லாயிரத்தில் ஒரு பங்கை எட்டாது. 1997-இல் நெதர்லாந்தில் ஆந்திரே கெய்ம் முதலியோர் ஒரு சிறு தவளையைக் காந்தப்புலத்தில் மிதக்க விட்டனர். அதற்கே சுமார் 16 டெஸ்லா தேவைப்பட்டது. அன்றியும், நிலையான காந்தங்களை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு பொருளை அசையாமல் அந்தரத்தில் நிறுத்த முடியாது என்று 1842-இலேயே எர்ன்ஷா கணிதத்தால் நிறுவிவிட்டார். தவளை மிதந்தது, அதன் உடலிலுள்ள நீர் காந்தத்தை விலக்கும் இயல்புடையது என்பதனால். பாறைத் தீவுக்கு அவ்வழி உதவாது.

சரி, வாயுவைக் கட்டித் தூக்கலாமா? ஒரு கன மீட்டர் காற்றின் நிறை சுமார் 1.2 கிலோகிராம், அதே அளவு ஹைட்ரஜன் 0.1 கிலோகிராமுக்கும் குறைவு. எனவே ஒரு கன மீட்டர் ஹைட்ரஜன் ஏறத்தாழ 1.1 கிலோகிராமைத் தூக்கும். நம் தீவைத் தூக்க 36 கிலோமீட்டர் குறுக்களவுள்ள வாயு உருண்டை வேண்டும். மேகமும் மழையும் உள்ள காற்று மண்டலமோ சுமார் 12 கிலோமீட்டரோடு முடிந்துவிடுகிறது! தீவு மிதக்காது, கணக்கு கைவிரித்துவிட்டது.

ஷீட்டாவைக் கணக்கிட்டால் அவ்வளவு மோசமில்லை. அவள் எடையை 40 கிலோகிராம் என்று வைத்துக்கொண்டால், ஹீலியம் நிரப்பிய 4 மீட்டருக்குச் சற்று மேற்பட்ட குறுக்களவுள்ள பலூன் ஒன்று போதும். அப்பெரும் பலூனின் வேலையை விரல் நுனியளவு கல் செய்துவிடுகிறது. இந்த ஒரு பொய்யை மட்டும் நாம் ஒப்புக்கொள்ள வேண்டுமென்று மியாசாகி கேட்கிறார். அதனை ஒப்புக்கொண்டால் மற்றவற்றையெல்லாம் உலகியலோடு ஒட்டியே நடத்திக் காட்டுகிறார். நல்ல கற்பனைக்கு இலக்கணம் இதுதான் என்பது என் எண்ணம்.

ஆகாயக் கப்பல்

படத்தில் வரும் பெரிய ஊர்திகள் ஆகாயக் கப்பல்கள். இவை வெறுங்கற்பனை அல்ல. 1783-இல் பிரான்சில் மோன்கோல்பியே சகோதரர்கள் வெப்பக்காற்றுப் பலூனை ஏற்றினர். 1852-இல் ஆன்ரி ஜிபார் என்பவர் 3 குதிரைத் திறனுள்ள நீராவி இயந்திரத்தைப் பலூனில் பொருத்திப் பாரிசிலிருந்து சுமார் 27 கிலோமீட்டர் பறந்தார். 1900 ஜூலையில் ஜெர்மனியில் செப்பலின் பிரபுவின் முதற்கப்பல் எழுந்தது.

இந்தியாவுக்கும் ஓர் ஆகாயக் கப்பல் வர இருந்தது. இலண்டனையும் கராச்சியையும் இணைக்க பிரிட்டிஷ் அரசு ‘ஆர் 101’ என்னும் பெருங்கப்பலைக் கட்டியது. கராச்சியில் அதற்கென ஒரு மாபெரும் கொட்டகையும் எழுந்தது. 1930 அக்டோபரில் புறப்பட்ட அக்கப்பல், பிரான்சைத் தாண்டுமுன் போவே நகருக்கருகே மழையிலும் காற்றிலும் சிக்கி விழுந்து எரிந்தது. ஏறியவர் 54 பேர். மாண்டவர் 48 பேர். விமான அமைச்சரும் அதில் மாண்டார். கராச்சிக் கொட்டகை கடைசிவரை அக்கப்பலைக் காணவில்லை. 1937 மே 6-இல் அமெரிக்காவில் ‘இண்டன்பர்க்’ எரிந்தது. 245 மீட்டர் நீளமும் 2 இலட்சம் கன மீட்டர் ஹைட்ரஜனும் கொண்ட அக்கப்பலின் அழிவில் 36 உயிர்கள் போயின. அத்தோடு ஆகாயக் கப்பலின் பொற்காலம் முடிந்தது. அது முடியாமல் வளர்ந்திருந்தால் வானம் எப்படி இருந்திருக்கும் என்பதை மியாசாகி வரைந்து காட்டுகிறார்.

சிறகடிக்கும் பொறி

கொள்ளையர் ஏறி வரும் சிறு பொறிகள் தும்பிபோல் சிறகடித்துப் பறக்கின்றன. விசிறி இல்லை, வண்டுபோல் ரீங்காரம் மட்டும் உண்டு. பறவையைப் பார்த்து மனிதன் முதலில் கண்ட கனவு இதுவே. ஆனால் வென்றதோ அசையாத இறக்கை. ஏன்?

ஒரு பூச்சியை நீளத்தில் இருமடங்காக்கினால் அதன் சிறகின் பரப்பு நான்கு மடங்காகும். நிறையோ எட்டு மடங்காகும். உருவம் பெருகப் பெருக எடை முந்திக்கொள்ளும், சிறகு பின்தங்கும். தேனீ ஒரு நொடியில் இருநூறு தடவைக்கு மேல் சிறகடிக்கும். மனிதனைத் தாங்கும் சிறகை அவ்விரைவில் அடித்தால் சிறகு முறிந்துபோகும். ஆயினும் முயற்சி ஓயவில்லை. கனடாவின் தொரந்தோ பல்கலைக் கழகத்து மாணவர்கள், மனிதன் காலால் உதைத்தே சிறகடிக்கும் ஊர்தி ஒன்றைக் கட்டினர். அது 19.3 நொடிகள் பறந்து 145 மீட்டர் கடந்தது. அந்நாள் 2010 ஆகஸ்ட் 2. லபூட்டா வெளியாகிச் சரியாக 24 ஆண்டுகள்! தற்செயல்தான், ஆனால் இனிய தற்செயல்.

புயலின் கண்ணைப் பற்றியும் ஒரு சொல். லபூட்டாவை ஒரு பெருஞ்சுழல் மேகம் மறைத்திருக்கிறது. உள்ளே நுழைவோர் நொறுங்குவர் என்று எல்லோரும் அஞ்சுகின்றனர். அதனுள்ளே காற்று எதிர்த்திசையில் வீசும் என்று தன் தந்தை சொன்னதைப் பாஸு நினைவுகூர்கிறான். சிறுவனும் சிறுமியும் ஏறிய காவற்பட்டம் கயிறறுந்து சுழலுக்குள் போகிறது, உள்ளே அமைதி, நீல வானம், பசும் புல்வெளி. வங்கக் கடற்கரையில் பிறந்த நமக்கு இது புதிதன்று. காற்று மையத்தை நோக்கி ஓடிவரும்போது பூமியின் சுழற்சியால் வளைந்து வளைந்து மையத்தைச் சுற்றி மதிலாக எழுகிறது. மையத்திலோ காற்று மெல்ல இறங்குவதால் மேகம் கலைந்து அமைதி நிலவுகிறது. நடுப்புயலில் காற்று நின்றதும், “போய்விட்டது” என்று வெளியே வருகிறவனை மறுபக்கத்து மதில் அடித்து வீழ்த்தும். எதிர்த்திசையில் வீசுவதும் அப்போதுதான்.

இந்திரனின் அம்பு

கோட்டையின் அடியில் பேராயுதம் ஒன்று இருக்கிறது. முஸ்கா அதனை இயக்கிக் கடல்மேல் எய்கிறான். கண்கூசும் ஒளி, பிறகு வானளாவ எழும் மேகம். நான்கு வயதில் ஹிரோஷிமாச் செய்தி கேட்டு வளர்ந்த தலைமுறையினரின் கை அக்காட்சியை வரைந்தது என்பதை எவரும் சொல்ல வேண்டியதில்லை. அப்போது முஸ்கா ஒரு பெருமை பேசுகிறான்: விவிலியத்தில் சோதோம் கொமோராவை எரித்த நெருப்பும், இராமாயணத்தில் இந்திரனின் அம்பு என்று சொல்லப்படுவதும் இதுவேதான் என்கிறான்.

இந்த இடத்தில் நம் அரங்கில் கைதட்டல் எழுந்தது. நம் காவியத்தின் பெயர் ஜப்பானியப் படத்தில் வருவது மகிழ்ச்சிதான். ஆனால் நண்பர்களே, பேசுகிறவன் யார் என்று பார்த்தீர்களா? பழம்பெருமையைச் சொல்லி இன்றைய அடக்குமுறைக்கு உரிமை தேடும் ஒருவன்! “எங்கள் முன்னோர் விண்ணை ஆண்டனர், ஆகவே நான் ஆள்வேன்” என்பது அவன் வாதம். மியாசாகி அவ்வரியைக் கதாநாயகன் வாயில் வைக்கவில்லை. கொடியவன் வாயில் வைத்தார்.

புட்பக விமானமும் சீவக சிந்தாமணியின் மயிற்பொறியும் நம் புலவர்களின் கற்பனைத் திறத்துக்குச் சான்றுகள்; அவற்றைப் படித்து நாம் பெருமை கொள்ளலாம். ஆனால் அவற்றைத் தொழிற்சாலைப் படமாகக் கொள்வது வேறு. ‘வைமானிக சாஸ்திரம்’ என்னும் நூல் பழங்கால விமானக் கலை நூலென்று பரப்பப்பட்டபோது, பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த ஐவர் அதனை ஆராய்ந்து 1974-இல் முடிவு வெளியிட்டனர். அந்நூல் 1904-க்கு முற்பட்டதன்று. அதில் வரையப்பட்ட ஊர்திகள் பறக்கும் தகுதி அற்றவை என்றனர். மரபின்மேல் உள்ள அன்பு ஆராய்ச்சிக் கண்ணை மூடிவிடக் கூடாது. மூடினால், முஸ்கா நம்முள்ளேயே பிறந்துவிடுவான்.

ஒரே இயந்திரம், இரண்டு வேலை

படத்தின் உயிர்நிலை இப்போது வருகிறது. தொடக்கத்தில் வானிலிருந்து விழுந்த இயந்திர மனிதன் ஒன்றைப் படையினர் கோட்டையில் அடைத்து வைத்திருக்கிறார்கள். துன்பத்தில் ஷீட்டா தன் பாட்டி கற்பித்த மந்திரத்தைச் சொல்ல, அது உயிர்பெற்று எழுந்து கண்ணொளியால் கோட்டையையே எரித்து நாசமாக்குகிறது. பின்பு லபூட்டாவில் இறங்கியதும் அதே வடிவுள்ள இயந்திர மனிதன் ஒன்று அவர்களை நோக்கி நடந்து வருகிறது. இருவரும் நடுங்குகிறார்கள். அது அவர்களைத் தொடவில்லை. அவர்கள் வந்த பட்டத்தைத் தூக்கி அப்புறம் வைக்கிறது. ஏன்? அப்பட்டத்தின் கீழே ஒரு பறவையின் கூடும் முட்டைகளும் இருந்தன! மக்கள் போய்விட்ட கோட்டையில் அது தனியாகத் தோட்டத்தைக் காத்து வருகிறது. அணில்கள் அதன் தோளில் விளையாடுகின்றன. கல்லறையில் வைக்க அது பூக் கொண்டுவருகிறது.

இரண்டும் ஒரே தொழிற்சாலையில் பிறந்தவை. ஒன்று படைவீரன், மற்றொன்று தோட்டக்காரன். வேறுபாடு பொறியில் இல்லை. ஏவியவரின் நோக்கத்தில் இருக்கிறது.

இது கதை மட்டுமா? இன்று நம் நாட்டில் வயலுக்கு மருந்து தெளிக்கும் ட்ரோன்கள் பறக்கின்றன. உக்ரைன் போரில் குண்டு சுமந்து பறந்தவையும் ட்ரோன்களே. விசிறியும் மோட்டாரும் மின்கலமும் ஏறத்தாழ ஒன்றே. நம் விடுதியில் இரவெல்லாம் கண்விழித்து அக்கருவிக்கு வழிகாட்டும் நிரல் எழுதும் நண்பர்கள் இருக்கிறார்கள், கெட்டிக்காரர்கள். எழுதி முடித்த நிரல் எந்தத் தோட்டத்துக்குப் போகும், எந்தக் கோட்டைக்குப் போகும் என்று அவர்கள் கேட்டதுண்டா? நான் கேட்டதுண்டா? வேலைக்கு ஆள் எடுக்க வரும் நிறுவனத்திடம் நாம் சம்பளம் கேட்கிறோம், ஊர் கேட்கிறோம், விடுமுறை கேட்கிறோம். நாம் செய்வது எதற்குப் பயன்படும் என்று கேட்க நமக்குத் தோன்றுவதில்லை.

அழிப்பது எளிதா?

கதையின் முடிவில் சிறுவனும் சிறுமியும் கைகோத்து நின்று ‘பல்ஸ்’ என்னும் அழிவு மந்திரத்தைச் சொல்கின்றனர். கோட்டையின் அடிப்பாகம் பொடிப்பொடியாக உதிர்கிறது, ஆயுதம் அழிகிறது, முஸ்கா அழிகிறான். ஜப்பானியருக்கு இக்காட்சி எவ்வளவு பிடித்துவிட்டது தெரியுமா? தொலைக்காட்சியில் இப்படம் ஓடும்போதெல்லாம் அச்சொல்லை எல்லோரும் ஒரே நொடியில் எழுதுவது வழக்கமாயிற்று. 2013 ஆகஸ்டில் ட்விட்டரில் ஒரே நொடியில் 1,43,199 செய்திகள் குவிந்தன.

ஆனால் இங்கே நான் படத்தோடு சற்று மாறுபடுகிறேன். உண்மை உலகில் இத்தகைய மந்திரம் இல்லை. ஒரு பொறியை உடைத்தாலும் அதனைச் செய்யக் கற்ற அறிவை உடைக்க முடியாது. அணுவைப் பிளந்ததை மனிதன் இனி மறக்கப் போவதில்லை. அப்படியானால் நம்பிக்கைக்கே இடமில்லையா? உண்டு. இரசாயன ஆயுதத் தடை ஒப்பந்தம் 1993-இல் கையெழுத்துக்கு வைக்கப்பட்டது. 1997-இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா தன்னிடமிருந்ததை 2009-இல் அழித்து முடித்தது. 2023 ஜூலையில் அமெரிக்கா கடைசிக் குண்டை அழித்தது. நாடுகள் ஒப்புக்கொண்டு அறிவித்த 72,000 டன்னுக்கு மேற்பட்ட நச்சுப்பொருள் முழுவதும் அழிந்தது. ஒரு சொல்லில் நடக்கவில்லை. இருபத்தாறு ஆண்டுகள் பிடித்தன. சோதனை செய்தவர், எண்ணிக்கை பார்த்தவர், நச்சை நச்சற்றதாக மாற்றும் முறையைக் கண்டவர் ஆகிய எல்லோரும் நம்மைப் போல் இரசாயனமும் பௌதிகமும் படித்தவர்களே. நமக்குக் கிடைத்திருக்கும் மந்திரம் இதுதான்: பொறுமையான, கூலிக்கு மாரடிக்காத விஞ்ஞானம்.

வேர்

அழிவுக்கு முன் ஷீட்டா முஸ்காவிடம் ஒன்று சொல்கிறாள். எத்தனை ஆயுதங்கள் இருந்தாலும், எத்தனை இயந்திர அடிமைகள் இருந்தாலும், மண்ணைப் பிரிந்து மனிதன் வாழ முடியாது. அதனால்தான் லபூட்டா அழிந்தது என்கிறாள். ஊரைப் பிரிந்து ஆயிரம் மைலுக்கு அப்பால் வந்து படிக்கும் நமக்கு இச்சொல் சுருக்கென்று தைக்கிறது. ‘மண்ணைப் பிரிந்தவர்கள் நாமும்தானே?’ என்று அரங்கில் ஒருவர் முணுமுணுத்தது எனக்குக் கேட்டது.

ஆனால் படம் அச்சொல்லோடு முடிந்துவிடவில்லை. அடியிலிருந்த ஆயுதக் கூடம் உதிர்ந்து கடலில் விழுகிறது. நடுவே நின்ற பெருமரம் மட்டும் விழவில்லை. பல நூற்றாண்டுகளாக வளர்ந்த அதன் வேர்கள் அந்த மாபெரும் நீலக் கல்லைப் பற்றிக்கொண்டிருக்கின்றன; அவ்வேர்களே இரு குழந்தைகளையும் காப்பாற்றுகின்றன. மரமும் தோட்டமும் தோட்டக்கார இயந்திரமும் மெல்ல மெல்ல மேலே போகின்றன. ஷீட்டா சொன்னதற்கு இது மாறுபாடு அன்றோ? மண்ணைப் பிரிந்தது வாழாது என்றால் மரம் எப்படி வாழ்கிறது?

நான் கண்ட பொருள் இது. மரம் மண்ணைப் பிரியவில்லை. தன் வேரோடு மண்ணையும் பிடித்துக்கொண்டு போகிறது. பிரிந்து நின்றது மேலிருந்து ஆளலாம் என்று நினைத்த கூட்டம்தான்.

படத்தின் முதற்பாதியில் வரும் சுரங்கத் தொழிலாளரை இங்கே மறக்கக் கூடாது. அந்த ஊரை வரையுமுன் மியாசாகி பிரிட்டனின் வேல்ஸ் பகுதிக்குச் சென்றார். 1984-85-இல் தம் வேலையையும் தம் ஊரையும் காக்க ஓராண்டு வேலைநிறுத்தம் செய்து தோற்றவர்கள் அங்கத்துச் சுரங்கத் தொழிலாளர். அவர்களிடம் அவர் கொண்ட மதிப்பு படம் முழுதும் தெரிகிறது. ஏழைகள், சுரங்கம் வற்றிக்கொண்டிருக்கிறது, ஆயினும் முன்பின் அறியாத சிறுமிக்காகக் கொள்ளையரை நடுத்தெருவில் மறித்து நிற்கிறார்கள். பறக்கும் கோட்டையில் வாழ்ந்தவர்களிடம் எல்லாம் இருந்தது. இது மட்டும் இல்லை.

ஆய்வுக்கூடமும் ஒருவகையில் பறக்கும் தீவுதான். அதில் ஏறியவனுக்குக் கீழே உள்ளவர் பேச்சுக் காதில் விழாமல் போகும். ஸ்விப்டின் தீவில் காதைத் தட்ட வேலைக்காரன் இருந்தான். நமக்கு அப்படி ஒருவர் இல்லை. ஊரிலிருந்து வரும் கடிதமும் தொலைபேசியும், சங்கத்துக் கூட்டங்களும், இப்படி ஓர் ஓவியத் திரைப்படமும் அவ்வேலையைச் செய்தால் நன்று. அடுத்த மாதம் படம் போடும்போது, நகைத்த நண்பர்களும் வந்து அமரட்டும். கேள்வி அவர்களுக்கும் சேர்த்துத்தான்.